ரத்தத்தில் தேடுமுன் கட்டியைக் காட்டுங்கள்!
அடி அண்ணாமலை வழியாக 14 கிலோமீட்டர் கிரிவலம் போக அலுக்காத நம் பெண்கள், மார்பில் தட்டுப்படும் கட்டியை டாக்டரிடம் காட்ட மட்டும் மாதக்கணக்கில் தயங்குகிறார்கள். 'ரத்தம் கொடுத்தாலே கேன்சர் தெரிஞ்சுடுமாமே?' என்கிறீர்களா?

புற்றுச் செல்கள் ரத்தத்தில் மிதப்பதை 1869-லேயே ஆஸ்திரேலியாவில் டாக்டர் ஆஷ்வொர்த் பார்த்துவிட்டார். மார்பகப் புற்று உடலில் பரவியவர்களுக்கு 7.5 மி.லி. ரத்தத்தில் இவை ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் நோய் தீவிரம் என்பது 2004-ல் தெரியவந்தது. ஆனால் ஆரம்ப நிலையில் இவை பெரும்பாலும் சிக்குவதே இல்லை!

ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று வந்தாலும் கட்டி கட்டிதானே? எல்லாக் கட்டியும் புற்றல்ல. அதைச் சொல்ல வேண்டியது மாமோகிராமும் திசுப் பரிசோதனையும்தான். கூச்சத்தை விடுங்கள். திருவண்ணாமலை அரசு மருத்துவமனைக்கு நாளைக்கே போய்க் காட்டுங்களேன்!