எந்தப் பக்கம் ஓடுறது?

முள்ளிவாய்க்கால் என்றால் 2009 தான் ஞாபகம் வரும். அதற்கு முதல், 2004 டிசெம்பர் 26 அன்று முல்லைத்தீவுக் கரையோரம் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கடலிடம் பறிகொடுத்தது.

சாதாரண தரப் பரீட்சைக்கு மீட்டல் செய்யிற பிள்ளையிடம் சுனாமி ஏன் வருது என்று கேளுங்கோ. "புவித்தகடுகளின் அசைவால்" என்று டக்கெண்டு சொல்லும். புள்ளியும் கிடைக்கும். ஆனால் அன்று பூரணை, அப்ப நிலவுதானே கடலை இழுத்தது என்று கேட்டால் தடுமாறும். நிலவின் ஈர்ப்பால் வருவது வற்றுப்பெருக்கு. சுனாமிக்குக் காரணம் சுமாத்திராவுக்கு அருகே கடலடித்தளம் திடீரென அசைந்தது.

"கடல் முதலில் உள்வாங்கும்" என்பதும் பாதி உண்மைதான். தாய்லாந்துப் பக்கம் உள்வாங்கியது. எங்கட பக்கம் முதலில் உயர்ந்துதான் வந்தது. முதல் அலையோட முடிஞ்சுது என்று கரைக்குத் திரும்பக் கூடாது, அடுத்தது இன்னும் பெரிசாக வரலாம்.

அலை இங்க வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இந்து சமுத்திரத்தில் அப்போது எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை. நேரம் இருந்தது, சொல்ல ஆள் இல்லை.

ஒரு பக்கம் கடல், மறு பக்கம் நந்திக்கடல், இடையில் ஒடுங்கிய மணல் நிலம். எந்தப் பக்கம் ஓடுறது? கடந்தகால வினாத்தாளில் இந்தக் கேள்வி வராது. அதனால்தான் சொல்கிறோம்: ஒரு மீட்டல் வகுப்பையாவது கரையில் வைப்போம்.