மூன்று பகுதியும் ஒரு தீர்ப்பும்

சென்ற ஆண்டு எம் விடுதியின் கையெழுத்துப் பத்திரிகையில் யாம் ஒரு சிறு கண்டனக் குறிப்பு வரைந்திருந்தோம். ஜப்பானியர் 'அனிமே' என வழங்கும் இயங்குசித்திரத் தொடர்களுள் ஒன்றாகிய 'மின்கி மோமோ' என்பதனை அதன்கண் எள்ளி நகையாடியிருந்தோம். படித்தோர் பலர் நகைத்தனர். யாமும் உள்ளம் பூரித்தோம். ஒருவர் மட்டும் நகைத்திலர். அவர் எம் அடுத்த அறைத் தோழர். விடுமுறை நாட்களில் தம் தங்கையோடு அமர்ந்து அத்தொடர் முழுவதையும் கண்டவர். "நீர் பார்த்தவை 3, இகழ்ந்தவை 63" என்று கூறிச் சென்றவர், பின்னர்ப் பல நாள் எம்மோடு அளவளாவவும் இல்லை. அவர் கூற்று எத்துணை நேரியது என்று ஆராய்தலே ஈண்டு எம் நோக்கம். முழுதும் நேரியதென்று யாம் இன்றும் கருதவில்லை. ஆதலின் இதனை வெறும் மன்னிப்புக் கடிதமென அன்பர்கள் கொள்ளற்க.

அத்தொடரை அறியாதார் பொருட்டு அதன் வரலாற்றைச் சிறிது கூறுவாம். 1982 மார்ச்சு 18-ஆம் நாள் தொடங்கி 1983 மே மாதம் வரை, வாரத்திற்கு ஒன்றாக 63 பகுதிகள் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வெளிவந்தன. தலைமை இயக்குநர் யுயாமா குனிஹிகோ. கதையமைப்பில் முதன்மை பெற்றவர் ஷுடோ தகேஷி. இவ்விருவரும் பின்னர் 1997-இல் தொடங்கிய 'போக்கிமான்' தொடரிலும் பணிபுரிந்தனர் என்றால், நம் மாணவருட் பலர் நிமிர்ந்து உட்காருவர்.

மாந்தர் கனவையும் நம்பிக்கையையும் இழந்தமையால் நிலவுலகை விட்டு அகன்றுபோன ஒரு கனவு நாடு. அந்நாட்டின் இளவரசியே மோமோ. இழந்தவற்றை மாந்தர்க்கு மீட்டளித்துத் தன் நாட்டை உலகோடு மீண்டும் சேர்ப்பிக்க வருகிறாள். நாயும் குரங்கும் பறவையும் அவளுக்குத் துணை. மோமோதாரோ என்னும் பழங்கதையை ஜப்பானியச் சிறுவர் இங்கே உடனே நினைவு கூர்ந்திருப்பர். மகப்பேறில்லாத கணவன் மனைவி இருவரை மாயத்தால் மயக்கித் தன்னைத் தங்கள் மகளென்றே நம்பச்செய்து அவர்தம் இல்லத்திற் குடியேறுகிறாள். இடர் நேருந்தோறும் மாயக்கோலைச் சுழற்றுகிறாள், வளர்ந்த நங்கையாகிறாள், ஒருநாள் செவிலி, ஒருநாள் காவலர், ஒருநாள் விமானப் பணிப்பெண். உருமாறும் காட்சிக்கு வரைந்த அதே ஓவியங்களே மீண்டும் மீண்டும் வருகின்றன. வண்டியொன்று வானிற் பறக்கிறது. எல்லாம் இனிதே முடிகின்றது. யாம் கண்ட மூன்று பகுதிகளிலும் இதுவே கதை. 'மூளைக்கு வேலையில்லை' என்று எழுதினோம்.

மூன்றோடு நிறுத்தியதற்கும் ஒரு காரணம் உண்டு. மூன்று பகுதி பார்த்தபின் தொடர்வதோ விடுவதோ என்று துணிதல் அனிமே காண்போரிடை ஒரு வழக்கு. 2011-இல் வந்த 'மடோகா மாகிகா' இவ்வழக்கிற்குப் பெருஞ்சான்றாகக் காட்டப்பெறுவது. இனிய மாயச்சிறுமியர் கதைபோற் தொடங்கி, மூன்றாம் பகுதியில் அச்சிறுமியருள் ஒருத்தி எதிர்பாரா வகையில் மாண்டுபோகக் கதையின் முகமே மாறிவிடுகின்றது. அதனைக் கண்ட கண்ணோடு மோமோவிடம் வந்தோம். மூன்றாம் பகுதியில் அங்கு ஒருவரும் மாளவில்லை. எனவே தொடர் வெறும் சிரிப்பு என்று முடிவு கட்டினோம்!

இத்தீர்ப்பின் குற்றம் என்னை? சிரிப்பிற்குப் பின்னால் வேறொன்று வந்தாலன்றிச் சிரிப்புக்கு மதிப்பில்லை என்று கொண்டமையே. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையையே முதற்கண் வைத்தார்; அது பிறக்கும் நிலைக்களங்களுள் எள்ளுதலோடு இளமையையும் பேதைமையையும் எண்ணினார். இதனைத் தேர்வுக்குப் படித்து மதிப்பெண்ணும் பெற்ற யாம், விடுதிக்கு வந்ததும் மறந்தோம். எம் குறிப்பிலிருந்த நகை எள்ளலிற் பிறந்தது. மோமோவின் நகையோ இளமையிற் பிறந்தது. வளர்ந்தவள் ஆனால் எல்லாம் கைகூடும் என்று சிறுமி எண்ணுவதும், வளர்ந்தவளாய் நின்றும் சிறுமியாகவே தடுமாறுவதும் நகைக்குரியன அல்லவோ? அந்நகை நன்கு அமைந்ததா என்பதே முதல் மூன்று பகுதிகளை நோக்கி யாம் கேட்டிருக்க வேண்டிய வினா. அதனை யாம் கேட்டிலேம்.

தோழர் சினம் தணிந்து பேசத் தொடங்கிய நாளில், "46-ஆம் பகுதி வரை பொறுத்துப் பாரும்" என்றார். பொறுத்துப் பார்த்தோம். மாயத்தை இழந்து வெறுஞ் சிறுமியாய் நின்ற மோமோ, லாரி மோதி இறந்துபடுகிறாள். 1983 சனவரி 27-ஆம் நாள் மாலை இதனைக் கண்ட குழந்தைகளை எண்ணிப் பார்க்கவும் அஞ்சுகிறோம். பொம்மை விற்பனை குன்றியமையால் விளம்பரதாரராகிய பொம்மை நிறுவனத்தார் தொடரை முடிக்கத் துணிந்தனர் என்பதும், மோதிய வண்டி பொம்மை ஏற்றிய வண்டியாயிருந்தது அதற்கு ஆசிரியர் காட்டிய குறும்பு என்பதும் பலரும் கூறும் வரலாறு. பின்னர் எண்ணம் மாறித் தொடர் நீட்டிக்கப்பெற்றது.

எம்மை வருத்தியது அவ்விறப்பன்று; அதன்பின் நிகழ்ந்தது. மோமோ அக்கணவன் மனைவிக்கே மெய்ம்மகளாகப் பிறக்கிறாள். முதற் பகுதியில் மயக்கத்தால் பெற்றோரானவர் இப்போது உண்மையிற் பெற்றோராகின்றனர். ஒரு பொய்யை மெய்யாக்க இத்துணைத் தொலைவு நடந்த கதையை யாம் முன்னர்க் கண்டதில்லை. அந்தப் பொய் முதற் பகுதியிலேயே எம் கண்முன் இருந்தது. பிள்ளையற்ற இருவர் திடீரெனப் பிள்ளையோடு வாழ்வதைக் கண்டு, 'என்ன வசதியான கற்பனை!' என்று நகைத்துக் கடந்தோம். மூன்று பகுதி போதாமையால் தவறினோம் அல்லேம். ஒரு பகுதியையும் செவ்வனே பாராமையால் தவறினோம்.

இனித் தோழரோடு எமக்குள்ள மாறுபாடு. 46-ஆம் பகுதிக்காக முந்திய 45-ஐயும் பொறுத்துக்கொள்க என்பது அத்தொடர்க்கு வழக்குரைப்பதாகாது. நாற்பத்தைந்து பகுதியென்றால் ஏறத்தாழ 18 மணி நேரம். பருவத் தேர்வு நெருங்கும் மாணவனிடம் அதனைக் கேட்டல் கொடிது. இடையிற் சில பகுதிகள் உண்மையாகவே சுவையற்றன. இறப்பைக் கண்டபின் மீண்டும் பார்த்தோம், அப்போதும் சுவையற்றனவாகவே இருந்தன. பிடிக்காததை விட்டுவிட எவர்க்கும் உரிமையுண்டு. காரணம் சொல்லவும் வேண்டா. காரணம் சொல்லி, கையொப்பமிட்டு, பத்திரிகையில் ஒட்டும்போதுதான் கடன் தொடங்குகின்றது.

மற்றொன்றும் தோழர்க்குத் தோன்றவில்லை. அவர் தங்கைக்குத் தோன்றியிருக்கலாம். ஜப்பானியச் சிறுமி ஒருத்தி வாரம் ஒருமுறையே மோமோவைக் கண்டாள். அவளுக்கு அதே உருமாற்றம், அதே பாட்டு, ஏழு நாட் காத்திருந்து பெற்ற பரிசு. யாமோ ஒரே இரவில் மூன்றை விழுங்கி, 'ஒரே மாதிரி' என்று முகஞ்சுளித்தோம். திருவிழாப் பலகாரத்தை நாடோறும் மூன்று வேளை உண்டவன் அது திகட்டுகின்றதென்று செய்தவளைப் பழித்தது போலும்.

கையெழுத்துப் பத்திரிகையின் அவ்விதழ் இன்னும் விடுதி வாசகசாலையில் இருக்கின்றது. எம் குறிப்பைக் கிழிக்கலாமா என்று தோழரைக் கேட்டோம். "இருக்கட்டும், என் தங்கைக்குக் காட்ட வேண்டும்" என்றார். 1991-இல் வந்த இரண்டாம் மோமோ தொடரின் முதற் பகுதியை இவ்வாரம் அவரோடு அமர்ந்து பார்த்தோம். அடுத்ததை வரும் சனிக்கிழமை பார்ப்பதாக ஏற்பாடு.