ஓடும் வண்டிக்கு அபராதம்: பஞ்சாயத்துக்கு எந்த அளவு அதிகாரம்?

ஒருவழிப் பாதையில் எதிர்த்து வருவது, தடை செய்த தெருவில் நுழைவது, பள்ளி நேரத்தில் டிப்பர் ஓட்டுவது ஆகிய மூன்றுக்கும் அபராதம் விதிக்கும் அதிகாரத்தைக் கேரள அரசு கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் நகராட்சிகளுக்கும் தர வேண்டும். வேகம், குடிபோதை, உரிமம், அதிக பாரம் எல்லாம் இப்போதுபோலவே போலீசிடமும் மோட்டார் வாகனத் துறையிடமும் இருக்கட்டும். பாலக்காட்டின் சித்தூர் தாலுகாவிலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் கூட்டமைப்பின் நிலைப்பாடு இதுதான்.

எந்தத் தெரு ஒருவழி, பஸ் எங்கே நிற்க வேண்டும், கடைகளுக்கு எந்நேரம் சரக்கு இறக்கலாம் என்பதையெல்லாம் உள்ளாட்சித் தலைவர் தலைமையில் கூடும் போக்குவரத்து ஒழுங்குக் குழு முடிவு செய்கிறது. முடிவெடுத்துப் பலகை வைப்பதோடு உள்ளாட்சியின் வேலை முடிந்துவிடுகிறது. பலகையை மீறி ஒருவர் போனால் காவல் நிலையத்துக்குத்தான் தகவல் சொல்ல வேண்டும். சபரிமலை சீசனில் குமுளிப் பக்கம் போலீஸ்காரர்களுக்கு இருக்கும் வேலையில், ஒரு சந்தைத் தெருவைக் காவல் காக்க யாரை அனுப்புவார்கள்?

டிப்பர் விஷயத்தில் எங்களால் பொறுமையாக இருக்க முடியவில்லை. கிணத்துக்கடவு, பொள்ளாச்சிப் பக்கக் குவாரிகளிலிருந்து கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய வண்டிகள் கோபாலபுரம், வேலந்தாவளம் வழியாகத்தான் வருகின்றன. காலையும் மாலையும் பள்ளி நேரத்தில் டிப்பர் ஓடக் கூடாது என்ற உத்தரவு கேரளத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறது. நடைபாதையே இல்லாத சாலையில் பிள்ளைகள் புத்தகப் பையோடு ஓரமாக நடக்கும் அதே நேரம் அது. எந்த வண்டி எந்நேரம் போகிறது என்பது டீக்கடைக்காரருக்கும் தெரியும், வார்டு மெம்பருக்கும் தெரியும். தடுக்கிற அதிகாரம் மட்டும் ஊரில் யாருக்கும் இல்லை.

2024 டிசம்பர் 12 அன்று பாலக்காட்டுப் பனையம்பாடத்தில், பள்ளி விட்டு வீடு திரும்பிய எட்டாம் வகுப்பு மாணவிகள் நால்வர் மீது லாரி கவிழ்ந்தது. நால்வரும் இறந்தார்கள். பஞ்சாயத்துக்கு அபராத அதிகாரம் இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கே பேசப்பட்டது சாலையின் அமைப்பு. ஆனால் அந்த இடம் ஆபத்தானது என்று ஊர்க்காரர்கள் முன்பே பலமுறை சொல்லியிருந்தார்கள். சாலையை அறிந்தவர்களின் சொல்லுக்கு எடை இல்லாமல் போவதைத்தான் நாங்கள் மாற்றச் சொல்கிறோம்.

இதற்கு நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-வது பிரிவு, மாநில அரசு அறிவிக்கும் அதிகாரிகளோ அமைப்புகளோ பல குற்றங்களுக்குச் சமரசத் தொகை பெற இடம் தருகிறது. குப்பை கொட்டுபவர்களுக்கு அபராதம் போடும் அதிகாரம் பஞ்சாயத்துகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. படமெடுத்து அனுப்புபவருக்குச் சன்மானமும் உண்டு. இங்கிலாந்தில் லண்டனுக்கு வெளியே உள்ள உள்ளாட்சிகளுக்கு 2022 மே 31 முதல் இத்தகைய அதிகாரம் கிடைத்தது. அங்கேயும் வேகக் குற்றம் போலீசிடமே இருக்கிறது. புதிதாகக் கேமரா வைத்த இடத்தில் முதல் 6 மாதம், முதல்முறை சிக்குபவருக்கு எச்சரிக்கை மட்டுமே. அந்த ஏற்பாடு இங்கேயும் வேண்டும்.

எங்களுக்குள்ளேயே இதை எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுநர்கள், "தேர்தல் பகையை மெம்பர் ரோட்டில் தீர்த்துக்கொள்வார்" என்கிறார்கள். குவாரி முதலாளியும் பஞ்சாயத்தில் செல்வாக்குள்ளவர்தானே என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு அச்சமும் நியாயமானவை. ஆகவே அபராதம் போடவோ ரத்து செய்யவோ தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் அதிகாரம் கூடாது. கேமராப் பதிவைப் பார்த்துச் செயலாளர் நோட்டீஸ் அனுப்பட்டும். மேல்முறையீட்டைப் பஞ்சாயத்துக்கு வெளியே ஒருவர் விசாரிக்கட்டும். வண்டியை நிறுத்திக் கையில் பணம் வாங்கும் வழக்கம் எந்த வடிவிலும் வரக் கூடாது. 2025 ஜனவரியில் பாலக்காட்டின் எல்லைச் சோதனைச் சாவடிகளில் விஜிலன்ஸ் பிடித்த கணக்கில் வராத பணத்தை இங்கே யாரும் மறக்கவில்லை.

வசூலாகும் பணம் பஞ்சாயத்தின் பொதுக் கணக்கில் சேரக் கூடாது. சேர்ந்தால் மூணாறிலும் குமுளியிலும் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள்தான் முதலில் மாட்டும். தேனியிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வருகிறவர்கள் எங்கள் சொந்தபந்தங்கள், எங்கள் வியாபாரம். வசூலான பணத்தை அந்தந்தச் சாலையின் நடைபாதைக்கும் விளக்குக்கும் மட்டும் செலவிட்டு, கணக்கைக் கிராம சபையில் வைக்க வேண்டும்.

எச்சரிக்கைப் பலகையும் நோட்டீசும் மலையாளத்தோடு தமிழிலும் இருக்க வேண்டும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், அரசோடு தமிழில் எழுதிப் பதில் பெறும் உரிமையைத் தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தந்திருக்கிறது. வாசிக்க முடியாத பலகையை மீறியதாக ஒரு தோட்டத் தொழிலாளியிடம் அபராதம் கேட்பது அநியாயம்.

முதலில் கோபாலபுரம்–கொழிஞ்சாம்பாறைச் சாலையிலும் மூணாறு நகரிலும் ஓராண்டு சோதனையாக இதைத் தொடங்கும்படி கேட்கிறோம். வரும் கிராம சபைகளில் எங்கள் உறுப்பினர்கள் இதைத் தீர்மானமாக முன்மொழிவார்கள். போக்குவரத்து அமைச்சருக்கும் உள்ளாட்சித் துறை அமைச்சருக்கும் தமிழிலேயே மனு கொடுக்கிறோம். பதிலையும் தமிழில் கேட்கிறோம்.