கோதுமை விதைத்த குழந்தைகள்



சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்தபின் நம் பட்டாபிராம் பங்கைச் சேர்ந்த தாயொருவர் ஒரு தாளை நம்மிடம் நீட்டினார். மூன்றாம் வகுப்பில் பயிலும் அவர் மகளின் பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கை அது. ‘குழந்தையின் முழு வளர்ச்சி’, ‘இயற்கையோடு இணைந்த கல்வி’ என்றெல்லாம் அதில் அச்சிடப்பட்டிருந்தது. “இதற்கு என்ன அர்த்தம் என்று பிள்ளை கேட்கிறாள், சாமி. கட்டணம் ஏறியிருக்கிறது என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது” என்றார். நாம் நகைத்தோம். எனினும் அக்கேள்வி நம்மை விட்டபாடில்லை. பெரியவர்க்கே விளங்காத இச்சொற்களைச் சிறுவர்க்கு எங்ஙனம் விளக்குவது?

சிறுவர்க்கு இதனைக் கதையாகச் சொல்லி, பின் கையில் ஒரு விதையையும் கொடுத்துவிட வேண்டும் என்பது நம் கருத்து. நம் ஆண்டவரும் கடுகு விதையையும், திராட்சைக் கொடியையும், வானத்துப் பறவைகளையும் காட்டியன்றோ மக்களுக்குப் போதித்தார்? ஆகவே பெற்றோர் தம் மக்களுக்குச் சொல்லத்தக்க உண்மைக் கதையொன்றை இம்மாதம் தருகிறோம்.

மரிய மாண்டிசோரி அம்மையார் 1870 இல் இத்தாலியில் பிறந்தவர், மருத்துவர், கத்தோலிக்கர். 1907 ஜனவரி 6 ஆம் நாள், மூன்று அரசர்கள் திருநாளன்று, உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் அவருடைய முதல் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த சிறுவர்களே அங்கு முதல் மாணவர். (இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டு, மூன்று வயதுப் பிள்ளையை நாளெல்லாம் உட்காரவைத்து எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதச் சொல்லும் இடங்களும் உள்ளன. அவ்வில்லம் ஏழைகளுக்காகத் தொடங்கியது என்பதைக் கூட நாம் மறந்துவிட்டோம்.)

பின்னர் ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரில் அவருடைய முறையில் நடந்த பள்ளியில் நிகழ்ந்ததைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள். அங்கே குழந்தைகளுக்கென நிலம் ஒதுக்கப்பட்டது. ஒரு பகுதியில் அவர்கள் கோதுமை விதைத்தார்கள். மறு பகுதியில் திராட்சைக் கொடி வளர்த்தார்கள். எதற்காக? திருப்பலிக்கு வேண்டிய அப்பமும் இரசமும் தங்கள் கையால் விளைய வேண்டும் என்பதற்காக! நீர் பாய்ச்சி, காத்திருந்து, அறுவடை செய்த அக்குழந்தைகள் பீடத்தின் முன் மண்டியிட்டபோது, குரு உயர்த்திய அப்பம் அவர்களுக்கு அந்நியப் பொருளாயிருந்திருக்குமா? உடல் உழைத்தது, அறிவு கற்றது, உள்ளம் பொறுமை பழகியது, ஆன்மா வணங்கியது. நான்கும் ஒரே வேலையில் நடந்தன. ‘முழு வளர்ச்சி’ என்று சுற்றறிக்கை கூறுவது இதைத்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையும், உடல், ஒழுக்கம், அறிவு ஆகிய மூன்றும் இசைந்து வளரப் பிள்ளைகளுக்கு உதவவேண்டும் என்று கேட்கிறது.

இக்கதையின் அடுத்த பகுதி நம் தமிழகத்தில் நடந்தது. 1939 நவம்பரில் அம்மையார் தம் மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்தார். அவரை அழைத்தவர்கள் நம் சபையினர் அல்லர், அடையாற்றுப் பிரம்மஞான சபையார் என்பதை நன்றியுடன் குறிப்பிடவேண்டும். 1940 இல் இத்தாலி போரில் குதிக்கவே, ஆங்கில அரசு இருவரையும் பகைநாட்டவராகக் கருதி, மகனைக் காவல் முகாமுக்கு அனுப்பியது. அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி அவரைத் தாயிடம் திருப்பி அனுப்பினர். 1942 முதல் இரண்டாண்டுகள் அளவில் இருவரும் கொடைக்கானலில் தங்கினர்.

அம்மலையில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் கூடிப் பயின்ற சிறு பள்ளி ஒன்று உருவாயிற்று. பிள்ளைகள் வெளியே உலாவித் தாம் கண்ட செடிகளை வகுப்புக்குக் கொண்டுவந்து, வாடாமல் பேணி, அவற்றின் உறுப்புகளைப் பெயர் சொல்லிக் கற்றனர். படைப்பில் ஒவ்வொன்றும் தன்னையறியாமலே மற்றொன்றுக்குத் தொண்டு செய்கிறது என்னும் எண்ணத்தை மையமாகக் கொண்ட அவருடைய கல்விமுறை, இந்நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளிலேதான் விரிந்து வளர்ந்தது. இலையுதிர்க்கும் மரம், அவ்விலையைத் தின்னும் மண்புழு, புழு பக்குவப்படுத்திய மண்ணில் முளைக்கும் அவரை, அந்த அவரையை உண்ணும் நம் வீட்டுக் குழந்தை என்று சங்கிலி போலச் சொல்லிப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு எளிதில் விளங்கும்.

இங்கே ஒரு தந்தையின் மறுப்பையும் எழுதியாக வேண்டும். “எங்கள் அப்பா மண்வெட்டி பிடித்ததால்தான் நாங்கள் படித்தோம். திரும்பவும் பிள்ளை கையில் அதைக் கொடுப்பதா, சாமி?” என்று அவர் கேட்டார். இது அற்பமான கேள்வியன்று. நிலமிழந்து, கூலிக்குக் குனிந்த தலைமுறையின் வலி அதில் உள்ளது. வறுமை திணித்த மண்வெட்டியையும், தேர்வையும் கணக்கையும் கைவிடாமலே ஒரு பிள்ளை விருப்போடு எடுக்கும் மண்வெட்டியையும் ஒன்றாகக் கருதலாகாது என்றோம். முளைத்த செடியை வாரந்தோறும் அடிக்கோலால் அளந்து எழுதி வைக்கும் பிள்ளை கணக்கையும் கற்கிறது, எழுத்தையும் கற்கிறது. அவர் முழுவதும் ஒப்பினார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் மகனைத் தடுக்கவில்லை.

உண்மையில் நம்மைக் கவலைக்குள்ளாக்குவது வேறொன்று. நம் பகுதியில் பள்ளி விட்டதும் டியூஷன், டியூஷன் விட்டதும் கைபேசி என்றாகிவிட்டது. நாள்தோறும் எந்த மரத்தடியில் வேனுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டோம். இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் இருவருக்கே அது புங்கமரம் என்று தெரிந்திருந்தது. பெயர் தெரியாத மரத்தை நாளை எவரேனும் வெட்டினால் அப்பிள்ளைகள் வருந்துவரோ? ஏரிகள் நிறைந்த இவ்வட்டாரத்தில் ஏரிக்கரையில் நடந்தறியாத சிறுவரும் உளர். ஆவடிப் பருத்திப்பட்டு ஏரிக்கு ஒரு மாலை அழைத்துச் செல்லப் பெருஞ்செலவு ஆகாது. அங்கே பறவையைக் காட்டி, அதன் பெயர் தெரியாவிட்டால் “எனக்கும் தெரியாது, பார்ப்போம்” என்று சொல்லுங்கள். பெற்றோரும் கற்கிறவர்களே என்று பிள்ளை காண்பது நல்லது.

மாடிவீட்டில் வாழ்வோர் இடமில்லையே எனக் கவலையுற வேண்டா. ஒரு கொட்டாங்கச்சியில் அடியில் துளையிட்டு, மண்ணும் மக்கிய எருவும் இட்டு, இரண்டு அவரை விதைகளை ஊன்றச் சொல்லுங்கள். நீர் ஊற்றும் பொறுப்பு பிள்ளைக்கே உரியது. தாய் மறைவாக ஊற்றிவிடலாகாது. செடி வாடினால் வாடட்டும். ஏன் வாடிற்று என்று அப்போது பிள்ளையே கேட்கும்.

நம் மண்ணில் கோதுமை விளைவிப்பது அரிது. ஆகவே கோயிலின் பின்புறமுள்ள சிறு நிலத்தில் மறைக்கல்விப் பிள்ளைகள் வெண்டையும் கீரையும் பயிரிட்டு, விளைந்ததைக் காணிக்கைப் பவனியில் பீடத்துக்குக் கொண்டுவருவர். பின்பு அது ஏழைக் குடும்பங்களுக்குச் செல்லும். வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வேலை தொடங்குகிறது. மண்வெட்டிகள் இரண்டே உள்ளன. வீட்டில் வைத்திருப்போர் கொடுத்தனுப்புக. பிள்ளைகளுக்குப் பழைய உடை உடுத்தி அனுப்புங்கள்.