விருந்து அவர்களுடையது, அரிசி நம்முடையது

2030ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை நடத்தும் வாய்ப்பு அகமதாபாத்துக்குக் கிடைத்துவிட்டது. 2025 நவம்பரில் கிளாஸ்கோவில் கூடிய பொதுச்சபை இதை உறுதி செய்தது. அடுத்து 2036 ஒலிம்பிக் என்கிறார்கள். தொலைக்காட்சிகள் அன்றைக்கே பதக்கக் கணக்கைத் தொடங்கிவிட்டன. சொந்த மண், சொந்த ரசிகர்கள், இந்த முறை எத்தனை தங்கம் என்று வல்லுநர்கள் கூடிப் பேசினார்கள். 2010இல் டெல்லியில் இதே போட்டி நடந்தபோது அந்த விருந்துக்கு யார் வீட்டு அரிசி எடுக்கப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பதக்கங்களைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் 'விளையாட்டு வீரர்களை மதிக்கத் தெரியாதவர்கள்' என்று நம் மீது பாய்வார்கள். டெல்லியில் இந்தியா 38 தங்கம் உட்பட 101 பதக்கங்கள் வென்றது. பட்டியலில் ஆஸ்திரேலியாவுக்கு அடுத்த இடம். கடைசி நாளில் சாய்னா நேவால் வென்ற தங்கத்தால் இங்கிலாந்து ஒரு தங்க வித்தியாசத்தில் பின்தங்கியது. அதே நாளில் ஆடவர் ஹாக்கி இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 8-0 என்று தோற்றோம் என்பதை மட்டும் எல்லோரும் வசதியாக மறந்துவிடுவார்கள். ராஞ்சியை அடுத்த ரத்துவிலிருந்து வந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் தீபிகா குமாரி பதினாறு வயதில் வில்வித்தையில் இரண்டு தங்கம் வென்றார். நாசிக் மாவட்டத்தின் சவர்பாடாவிலிருந்து வந்த ஆதிவாசிப் பெண் கவிதா ராவுத் 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றார். ஓடுதளத்தில் தனிநபர் பிரிவில் இந்தியப் பெண் ஒருவர் வென்ற முதல் காமன்வெல்த் பதக்கம் அது. வட்டெறிதலில் கிருஷ்ணா பூனியா, ஹர்வந்த் கவுர், சீமா அன்டில் மூவரும் மூன்று பதக்கங்களையும் அள்ளினார்கள். நாமும் கைதட்டினோம். அந்த வெற்றிகள் அவர்களுடையவை. கல்மாடியுடையவை அல்ல.

கல்மாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2010 என்றாலே நாட்டுக்கு நினைவுக்கு வருவது ஊழல்தான். பல மடங்கு விலைக்கு வாங்கிய, வாடகைக்கு எடுத்த பொருட்கள், தொடக்க விழாவுக்குச் சில நாட்களுக்கு முன் நேரு விளையாட்டரங்கம் அருகே இடிந்து விழுந்த நடைமேம்பாலம், 2011இல் சுரேஷ் கல்மாடி கைதானது, 2025 ஏப்ரலில் பணமோசடி வழக்கை முடித்துவைக்கும் அமலாக்கத்துறையின் அறிக்கையை நீதிமன்றம் ஏற்றது. நடுத்தர வர்க்கத்துக்குப் பிடித்த கதை இது. கெட்டவன் ஒருவன், கோபப்படும் குடிமக்கள், கடைசியில் ஒன்றுமில்லை. இந்தக் கதையில் நமக்கு அக்கறையில்லை என்பதல்ல. ஆனால் லஞ்சம் வாங்காமல், கையெழுத்துப் போட்டு, நிதிநிலை அறிக்கையில் அச்சடித்து, பட்டப்பகலில் நடந்த ஒரு திருட்டு இருக்கிறது. அதை யாரும் ஊழல் என்று அழைப்பதில்லை.

பட்டியல் சாதியினருக்கான சிறப்பு உட்கூறுத் திட்டம் 1979-80இல் தொடங்கியது. மக்கள்தொகையில் பட்டியல் சாதியினரின் விகிதம் எவ்வளவோ, திட்ட நிதியிலும் அந்த விகிதம் அவர்களுக்கென்று தனியாக ஒதுக்கப்பட வேண்டும். அந்தப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது, செலவாகாவிட்டால் காலாவதியாகவும் கூடாது என்பது திட்டக்குழுவின் வழிகாட்டுதல். 2001 கணக்கெடுப்பின்படி டெல்லியில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். 2006-07 முதல் 2010-11 வரை இந்தத் திட்டத்துக்கான நிதியிலிருந்து சுமார் 744 கோடி ரூபாயை டெல்லி அரசு காமன்வெல்த் போட்டி தொடர்பான பணிகளுக்குத் திருப்பிவிட்டது என்பதை வீடு மற்றும் நில உரிமை வலையமைப்பும் தலித் மனித உரிமைகளுக்கான தேசிய இயக்கமும் ஆவணங்களோடு வெளிக்கொண்டுவந்தன. 2010 ஆகஸ்டில் மாநிலங்களவையில் பிரச்சினை வெடித்தது. நிதி திருப்பப்பட்டிருப்பதாகவே தெரிகிறது, அது தவறு என்று அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் அவையிலேயே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

டெல்லி அரசுத் தரப்பு என்ன சொன்னது தெரியுமா? சாலை, பாலம், விளையாட்டரங்கம் எல்லாமே எல்லோருக்கும் பொதுவான வசதிகள், அவற்றைப் பட்டியல் சாதியினரும் பயன்படுத்துவார்கள், ஆகவே இதில் தவறில்லை என்றது.

இந்த வாதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நான் நிதிநிலை அறிக்கைகளைப் படித்து ஆய்வு செய்பவன். இந்தியா முழுக்க இந்தத் தந்திரத்தின் பல வடிவங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மேம்பாலம் கட்டுகிறார்கள். அந்தப் பாலத்தின் மேல் நூறு பேர் போனால் பதினேழு பேர் தலித்துகளாக இருப்பார்கள் என்று ஒரு கற்பனை. உடனே பாலத்தின் செலவில் பதினேழு விழுக்காட்டைத் துணைத் திட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். சேரிக்குள் ஒரு கழிவறைகூட வந்திருக்காது. ஆனால் ஏட்டில் தலித் மேம்பாட்டுக்குக் கோடிகள் செலவாகியிருக்கும். அந்தப் பாலத்தின் மேல் ஓடும் கார்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், பாலத்தின் கீழே யார் படுத்திருக்கிறார்கள் என்று கணக்கெழுதுபவருக்குத் தெரியாதா? தெரியும். ஊர்ப் பொதுக்கிணறு என்று சொல்லி நம்மிடமும் வரி வாங்கிக் கிணறு வெட்டிவிட்டு, நீ இறங்காதே என்று சொன்ன அதே புத்திதான் இது. இப்போது கிணற்றுக்குப் பதிலாக விளையாட்டரங்கம்.

போட்டிக்கு ஆன மொத்தச் செலவு மதிப்பீடு 18,532 கோடி என்கிறது தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை. 744 கோடி அதில் நான்கு விழுக்காடுதானே, இதற்கா இவ்வளவு கூச்சல் என்று ஒரு கருத்தரங்கில் என்னிடமே கேட்டார் ஒரு பொருளியல் பேராசிரியர். பணக்காரன் வீட்டுக் கல்யாணச் செலவில் நான்கு விழுக்காடாக இருக்கலாம். எடுக்கப்பட்ட வீட்டில் அது விதைநெல். அந்த நிதியில்தான் பட்டியல் சாதி மாணவர்களின் கல்வி உதவித்தொகையும் விடுதியும் சேரிக்கான குடிநீரும் வர வேண்டும். என் சொந்த ஆய்வு உதவித்தொகையே பலமுறை எட்டு மாதம், பத்து மாதம் தாமதமாகத்தான் வந்திருக்கிறது. கேட்டால் 'நிதி இல்லை' என்பார்கள். நிதி இல்லையா? 2003இல் இந்தப் போட்டியைக் கனடாவின் ஹாமில்டனிடமிருந்து தட்டிப் பறிப்பதற்காக, பங்கேற்கும் 72 நாடுகளுக்கும் தலா ஒரு லட்சம் டாலர் தருகிறோம், உங்கள் வீரர்களைப் பயிற்றுவித்துக்கொள்ளுங்கள் என்று வாக்குக் கொடுத்த நாடு இது. ஊரான் பிள்ளைக்குப் பயிற்சிப் பணம், தன் நாட்டுச் சேரிப் பிள்ளைக்கு விடுதிச் சோறு இல்லை.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு கணக்கு 1982இல் இருக்கிறது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி. பி.டி. உஷா இரண்டு வெள்ளி, எம்.டி. வல்சம்மா 400 மீட்டர் தடையோட்டத்தில் தங்கம், நாட்டுக்கு மொத்தம் 57 பதக்கங்கள். அந்த அரங்குகளையும் பாலங்களையும் கட்டிய தொழிலாளர்களை ஜமாதார்கள் எனப்படும் தரகர்கள் வெளியூர்களிலிருந்து கூட்டிவந்தார்கள். குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஜமாதார் ஒரு ரூபாயைத் தரகாக எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசுதான் தொழிலாளியின் கையில் கொடுத்தார். பெண்களுக்கு 7 ரூபாய். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம் எழுதிய ஒரு கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது. போட்டி தொடங்க இரண்டு மாதம் இருந்தபோது, 1982 செப்டம்பரில் நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்றது தீர்ப்பு. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவைப் போலவே 23ஆம் பிரிவும் அரசை மட்டுமல்ல, தனியாரையும் கட்டுப்படுத்தும் என்றும் சொன்னது. சட்ட மாணவர்கள் இதை 'ஏசியாட் தொழிலாளர் வழக்கு' என்று இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் போட்டிக்கு இந்தியா வைத்த சின்னம் அப்பு என்ற யானைக்குட்டி. அதைத்தான் நாடு நினைவில் வைத்திருக்கிறது.

28 ஆண்டு கழித்து அதே டெல்லி. 2010இல் உயர் நீதிமன்றம் அமைத்த குழு கட்டுமானத் தளங்களுக்குப் போய்ப் பார்த்தது. அங்கே குறைந்தபட்சக் கூலி மறுக்கப்படுவதையும், மனிதர் தங்க முடியாத கொட்டகைகளையும், பாதுகாப்புக் கருவிகள் இல்லாத வேலையையும் கண்டு அறிக்கை கொடுத்தது. அப்போதும் நீதிமன்றப் படியேறியவர்களில் அதே மக்கள் ஒன்றியம் இருந்தது.

கட்டுபவர்களின் கதை இது என்றால், துப்புரவு செய்பவர்களின் கதை ஒன்றும் உண்டு. வீரர்கள் தங்கும் கிராமத்தின் அறைகள் அசுத்தமாகக் கிடப்பதாக வெளிநாட்டு அணிகள் புகார் செய்தபோது, சுத்தம் பற்றிய அளவுகோல் அவர்களுக்கு வேறு, நமக்கு வேறு என்று சமாளித்தார் அமைப்புக் குழுவின் பொதுச் செயலாளர் லலித் பனோட். உலகமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அசுத்தம் செய்வது ஒரு சாதி, அள்ளுவது இன்னொரு சாதி என்று பிரித்து வைத்திருக்கும் சமூகத்தின் வாயிலிருந்து அறியாமல் நழுவிய உண்மை அது.

இன்னும் உண்டு. குடிசைகளை வெளிநாட்டார் பார்க்காமலிருக்க மூங்கில் தட்டிகள் வைத்தார்கள். பிச்சையெடுப்போரைப் பிடிக்க நடமாடும் நீதிமன்றங்கள் வந்தன. டெல்லிப் பல்கலைக்கழக விடுதிகளிலிருந்து மாணவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அகமதாபாத்துக்கு இந்தக் கலையை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 2020இல் டிரம்ப் வந்தபோது அவர் போகும் வழியிலிருந்த குடிசைகளை மறைக்க மதிலே எழுப்பியவர்கள். மூங்கில் செங்கல்லாகிவிட்டது, அவ்வளவுதான். 2025இல் சண்டோலா ஏரியைச் சுற்றி இருந்த ஆயிரக்கணக்கான வீடுகளைப் புல்டோசர்கள் தரைமட்டமாக்கியதையும் பார்த்தோம். அங்கே 'வங்கதேசிகள்' என்ற ஒற்றைச் சொல் போதுமானதாக இருந்தது.

'விளையாட்டில் சாதியைக் கொண்டுவராதீர்கள்' என்று கருத்துப்பெட்டியில் எழுதப் போகிறவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கொண்டுவந்தது நாங்களா? 2016இல் சிந்து ஒலிம்பிக் இறுதிக்குப் போனபோது அவருடைய சாதி என்ன என்று கூகுளில் தேடித் தீர்த்தது யார்? 2021இல் டோக்கியோவில் மகளிர் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்றதும் ஹரித்வார் அருகே வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் வெடி வெடித்து ஆடி, அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோற்றோம் என்று குடும்பத்தைச் சாதி சொல்லித் திட்டியது யார்? அதற்குச் சில நாள் முன்புதான் அவர் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்திருந்தார். ஒலிம்பிக்கில் அப்படி அடித்த முதல் இந்தியப் பெண் அவர். வென்றால் இந்தியாவின் மகள், தோற்றால் சேரிப்பெண். நம் புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசியப் போட்டியில் வெள்ளி வென்று, பாலினச் சோதனையின் பெயரால் பதக்கம் பறிக்கப்பட்டு, செங்கல் சூளைக்குக் கூலி வேலைக்குப் போனபோது எந்தத் தேசம் அவர் பக்கம் நின்றது?

நம்மில் சில தோழர்களே இன்னொன்றைச் சொல்கிறார்கள்: சொந்த நாட்டில் போட்டி நடந்தால் ஏழைப் பிள்ளைகளுக்கும் மேடை கிடைக்குமே, தீபிகாவுக்குக் கிடைக்கவில்லையா? நியாயமான கேள்வி. போட்டியை நடத்தும் நாடு சில விளையாட்டுகளைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்பது உண்மை. காமன்வெல்த்தில் 1982க்குப் பிறகு வில்வித்தை திரும்பியதே 2010 டெல்லியில்தான். ஆனால் மேடை பத்து நாளுக்கு. அந்த மேடைக்கு வந்து சேர்வதற்கு ஒரு பிள்ளைக்குப் பத்தாண்டுகள் சோறு வேண்டும், பள்ளிக்கு அருகில் ஒரு திடல் வேண்டும், சாதி கேட்காத ஒரு பயிற்சியாளர் வேண்டும். அந்தப் பத்தாண்டுக்கான பணத்தை எடுத்துப் பத்து நாள் மேடைக்கு வண்ணம் அடித்துவிட்டு, மேடை கிடைத்ததே என்று நம்மை நன்றி சொல்லச் சொல்கிறார்கள். போட்டி நடத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடத்துங்கள், உங்கள் பணத்தில் நடத்துங்கள்.

ஆந்திரமும் கர்நாடகமும் 2013இலேயே துணைத் திட்ட நிதிக்கென்று சட்டம் இயற்றின. தமிழ்நாடு 2024இல் இயற்றியது. சட்டம் வந்த இடங்களிலும் திருட்டு நின்றுவிடவில்லை, ஆனால் கேட்பதற்கு ஒரு பிடி இருக்கிறது. ஒன்றிய அளவில் இன்றுவரை அந்தப் பிடியும் இல்லை. வழிகாட்டுதல் மட்டுமே. 2030க்கு முன் ஒன்றிய அளவில் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையை இப்போதே எழுப்ப வேண்டும். போட்டி தொடங்குவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது கத்தினால் 'நாட்டின் மானம்' என்று வாயை அடைத்துவிடுவார்கள். 2010இல் அதுதான் நடந்தது.

அதுவரை செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. அரசு நிதிநிலை ஏடுகளில் பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்டச் செலவு 789 என்ற சிறுதலைப்பில் வரும். பழங்குடியினருக்கானது 796. குஜராத் அரசின் நிதிநிலை ஏடுகளிலும் ஒன்றிய விளையாட்டு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளிலும் இனி ஒவ்வோர் ஆண்டும் அந்த இரண்டு எண்களுக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். விளையாட்டரங்கம், சாலை அழகுபடுத்துதல், ஆற்றங்கரை மேம்பாடு என்று ஏதாவது கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அன்றைக்கே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள்.