மருந்து கொடுப்பது பலசரக்கு வியாபாரமா?

அரிசி அளப்பவன் ஒரு கொத்துக் குறைத்து அளந்தால் வாங்கியவனுக்கு ஒரு கொத்து அரிசி நட்டம். சீனி கேட்டவனுக்கு உப்பைக் கட்டிக் கொடுத்தால் தேநீர் கெடும். வாங்கியவன் திரும்பி வந்து ஏசுவான். அத்தோடு கணக்குத் தீர்ந்துவிடும். மருந்து கொடுப்பவன் தவறினால்? ஏசுவதற்கு ஆள் திரும்பி வருவான் என்பது என்ன நிச்சயம்?

இதை எழுத்திலே சொல்லவேண்டிய நிலை வந்திருப்பதே வெட்கத்துக்குரியது. "டாக்குத்தர் எழுதித் தருகிறார், அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பவனுக்குப் படிப்பு எதற்கு?" என்று கடை முதலாளிமார் சிலர் கேட்கிறார்கள். அவர்களாவது இலாபத்தை நினைத்துப் பேசுகிறார்கள் என்று விட்டுவிடலாம். படித்த பெரியவர்களும், மகனை எந்தத் துறைக்கு அனுப்பலாம் என்று ஆராயும் தந்தைமாரும், "மருந்துக் கலவையாளர் வேலையா? குளிசை எண்ணுகிற வேலைதானே!" என்று உதட்டைப் பிதுக்குகிறார்களே, அதை என்னவென்பது? குளிசை எண்ணுகிறவன் கையிலேதான் தங்கள் தாயின் உயிரும் பிள்ளையின் உயிரும் இருக்கின்றன என்பதை இவர்கள் ஒரு கணமேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

சட்டம் இவ்வாறு கருதவில்லை. மருந்தாளரைப் பதிவு செய்வதற்கு 1927ஆம் ஆண்டின் வைத்தியக் கட்டளைச் சட்டமே இடம் வகுத்தது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைக்கப்பட்டது. அனுமதிப்பத்திரம் இன்றி மருந்தகம் நடத்தலாகாது; பதிவு பெற்ற மருந்தாளரின் மேற்பார்வை இன்றி மருந்து வழங்கலாகாது. இதுவே சட்டம். ஆனால் நடப்பது என்ன? சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளே சுவரில் தொங்குகிறது. சான்றிதழுக்கு உரியவரைக் காணவில்லை. மேசைக்கு அப்பால் நின்று துண்டை வாங்குபவன் போன மாதம் சேர்ந்த பையன். எல்லாக் கடைகளையும் நாம் குற்றஞ்சாட்டவில்லை. மனச்சாட்சியோடு நடத்துவோர் பலர் உளர், அவர்களுக்குத் தலைவணங்குகிறோம். தொப்பி பொருந்துகிறவர்கள் அணிந்துகொள்ளட்டும்.

அவ்வாறாயின், இத்தொழிலைப் பயிலும் பிள்ளை கட்டாயமாகக் கற்கவேண்டியது யாது? ஆயிரம் மருந்துகளின் பெயரையா? பெயரைப் புத்தகம் சொல்லும், பெட்டியும் சொல்லும். புத்தகமும் பெட்டியும் சொல்லாதவை மூன்று: கணக்கு, ஐயம், சொல். இம்மூன்றும் இல்லாதவன் எத்தனை வருடம் கடையிலே நின்றாலும் கற்றவன் ஆகான்.

கணக்கு

பத்துக் கிலோ நிறையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பரசிற்றமோல் கொடுக்கும்படி வைத்தியர் எழுதுகிறார். வேண்டியது 150 மில்லிகிராம். பாணி மருந்தின் போத்தலிலே 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்றிருந்தால் 6.25 மில்லிலீற்றர் ஊற்றவேண்டும். அதே மருந்து 5 மில்லிலீற்றருக்கு 250 மில்லிகிராம் என்ற வலுவிலும் வருகிறது. அதிலே 3 மில்லிலீற்றர் போதும். முதற் போத்தலுக்குரிய அளவை இரண்டாம் போத்தலிலிருந்து ஊற்றினால் குழந்தையின் வயிற்றுக்குள் போவது 312.5 மில்லிகிராம். வேண்டியதன் இரு மடங்குக்கும் மேல்! வேளைக்கு வேளை இப்படியே கொடுத்தால் ஈரல் என்னாகும்? போத்தல் ஒன்றுபோல, நிறம் ஒன்றுபோல, இனிப்பும் ஒன்றுபோல. வேறுபட்டது ஓர் இலக்கம் மட்டுமே. அந்த இலக்கத்தை வாசிக்கப் பழகாதவன் கையிலே நாம் குழந்தையைக் கொடுக்கலாமா?

"ஒரு கரண்டி" என்று சொல்லி அனுப்புவது மற்றொரு கொடுமை. எந்தக் கரண்டி? ஒவ்வொரு வீட்டின் கரண்டியும் ஒவ்வோர் அளவு. மருந்தின் கரண்டி 5 மில்லிலீற்றர். அளவுக் கிண்ணத்தையோ ஊசியில்லாத சிறிஞ்சையோ கொடுத்து, கோட்டைத் தொட்டுக் காட்டி அனுப்புவதே முறை.

புள்ளியின் கதையும் இதுவே. .5 என்று எழுதினால் புள்ளி மங்கி 5 ஆகும், 5.0 என்று எழுதினால் 50 ஆகும். ஆகையால் முன்னே பூச்சியம் இடவேண்டும். பின்னே பூச்சியம் இடலாகாது. ஆயிரம் மைக்குறோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். தைரொயிட் குறைவுக்கு உண்ணும் தைரொக்சின் மைக்குறோகிராமில் அளக்கப்படுவது. இரண்டையும் மாற்றி எண்ணினால் தவறு ஒன்று இரண்டு அன்று; ஆயிரம் மடங்கு!

ஐயம்

தமிழ் மரபிலே ஐயப்படுவது கற்பவனின் கடமை. மருந்தகத்திலே அது உயிர்காக்கும் கடமை. கார்பமசெபீன் வலிப்புக்கு உரியது. கார்பிமசோல் தைரொயிட் மிகையாகச் சுரப்பவருக்கு உரியது. அவசரத்தில் எழுதிய துண்டிலே இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். "இதுவாகத்தான் இருக்கும்" என்று ஊகித்து எடுப்பவன் சூதாடுகிறான். பந்தயப் பொருள் அவனுடையதன்று. எழுத்துப் புரியாவிடில் எழுதியவரைக் கேட்கவேண்டும். கேட்பதிலே அவமானம் இல்லை. கேட்டதற்காகச் சினக்கும் வைத்தியர் இருந்தால் அவமானம் அவருடையது.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் மெதோட்றெக்சேற் கிழமைக்கு ஒரு நாள் உண்ணவேண்டிய குளிசை. அதை நாள்தோறும் உண்டு இறந்தவர்கள் உலகின் பல நாடுகளிலும் உளர். "தினமும்" என்று துண்டிலே தவறி எழுதப்பட்டிருந்தால் அதைத் தடுத்து நிறுத்தவேண்டிய கடைசிக் காவலன் யார்? அந்தக் குளிசையை எண்ணுகிறவன்தான்.

பெனிசிலின் ஒவ்வாதவருக்கு அமொக்சிசிலினும் ஆகாது. இரண்டும் ஒரே குடும்பம். வைத்தியசாலை கொடுத்த பரசிற்றமோலும் கடையில் வாங்கிய பனடோலும் ஒரே மருந்து. வளர்ந்தவர் ஒரு நாளில் உண்ணக்கூடிய உச்ச அளவு 4 கிராம்; அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு. இரண்டும் வெவ்வேறு என்று எண்ணி இரண்டையும் விழுங்குபவருக்கு அதைச் சொல்வது யார் பொறுப்பு? வியாபாரப் பெயருக்குப் பின்னால் மறைந்திருக்கும் உண்மைப் பெயரை அறியவேண்டும் என்பதற்காகவே பேராசிரியர் சேனக பிபிலே வாழ்நாளெல்லாம் போராடினார். 1971இல் தோன்றிய அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராயிருந்த அப்பெருமகன் காட்டிய வழி உலகம் போற்றும் வழி. நம் கடைகளிலோ பெட்டியின் நிறத்தைச் சொல்லி மருந்து கேட்கிறார்கள். நிறத்தைப் பார்த்தே கொடுக்கிறார்கள்.

டெங்குக் காய்ச்சலை மறந்துவிட்டோமா? 2017ஆம் ஆண்டிலே இந்நாட்டில் ஓர் இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை அது பீடித்தது. நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. டெங்கு என்று ஐயமுள்ள காய்ச்சலுக்கு டைக்ளோபெனக், இபுபுரோபன், அஸ்பிரின் கொடுக்கலாகாது. அவை இரத்தப்போக்கைத் தூண்டும். மாரி காலத்திலே ஒருவர் வந்து "காய்ச்சலும் உடம்பு உளைவும்; நல்ல வலுவான குளிசையாகத் தாருங்கள்" என்று கேட்கிறார். பயிலாதவன் வலுவானதைக் கொடுத்துக் காசை வாங்குவான். பயின்றவன் "எத்தனை நாட் காய்ச்சல்?" என்று கேட்பான், பரசிற்றமோலுக்கு மேல் கொடுக்க மறுப்பான், இரத்தம் சோதிக்கும்படி வைத்தியசாலைக்கு அனுப்புவான். முன்னவன் வியாபாரி, பின்னவன் உயிர்காப்போன்.

சொல்

இனி மூன்றாவதற்கு வருவோம். சரியான மருந்து, சரியான அளவு, சரியான ஆள். ஆயினும் உறையிலே ஆங்கில எழுத்து இரண்டும் ஒரு கோடும் மட்டும் கிறுக்கியிருந்தால் பயன் என்ன?

ஒரு கமக்காரரை எண்ணிப் பாருங்கள். விடியமுன் வயலுக்குப் போய்ச் சேற்றிலே நிற்பவர். 2024 டிசம்பரிலே வெள்ளத்தின் பின் வடமராட்சிப் பகுதியில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்ததை அவர் அறிவார். அதைத் தடுப்பதற்காக டொக்சிசைக்கிளின் கொடுக்கிறார்கள். கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம். அதாவது 100 மில்லிகிராம் குளிசை இரண்டு. உணவுக்குப் பின் உண்ணவேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும். உண்டவுடன் படுக்கலாகாது, படுத்தால் தொண்டைக் குழாய் புண்படும். கர்ப்பிணிக்கும் சிறு பிள்ளைக்கும் அதைப் பகிர்ந்து கொடுக்கலாகாது. இத்தனையும் அவருக்கு யார் சொல்வது? எந்த மொழியிலே சொல்வது?

நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றும் மூதாட்டி ஒருவர். வீட்டிலே குளிர்சாதனப் பெட்டி இல்லை. திறக்காத குப்பி 2 முதல் 8 பாகைக் குளிரில் இருக்கவேண்டும், உறைந்தால் எறியவேண்டும். ஏற்றிக்கொண்டிருக்கும் குப்பியை வெயிலும் வெக்கையும் படாமல் ஏறத்தாழ நான்கு கிழமை வைத்துக்கொள்ளலாம். ஈரமணல் சூழ வைத்த மண்பானை அதற்கு உதவும். இதைத் தமிழிலே, அவர் முகத்தைப் பார்த்து, "அம்மா, எப்படி வைப்பீர்கள் என்று ஒருமுறை எனக்குச் சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேட்டு உறுதிசெய்பவனே தொழில் கற்றவன்.

"மருந்துக் கல்வி ஆங்கிலத்தில்தான் உண்டு, தமிழிலே அதற்குச் சொல் ஏது?" என்று சில படிப்பாளிகள் கூறுகிறார்கள். தம் சொந்த ஊரின் வரலாற்றையே அறியாதவர்கள்! 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே தமிழ் இளைஞருக்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். அதற்கென்று சொற்களையும் ஆக்கினார். கடல் கடந்து வந்த அந்நியருக்கு இயன்றது நமக்கு இயலாதா? ஆங்கிலப் பெயரை அறியவேண்டாம் என்று நாம் கூறவில்லை. பெயரை ஆங்கிலத்தில் அறிக. பயன்படுத்தும் முறையைத் தமிழில் சொல்லுக, எழுதுக.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, தமக்கு விளங்காத கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கந்தோர் வாசலில் நின்ற அனுபவம் நம் முதியோருக்கு உண்டு. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. விளங்காத கடிதத்தால் ஓய்வூதியம் தாமதிக்கும்; விளங்காத மருந்துறையால் மூச்சே நிற்கும். கடிதத்துக்காகக் குரல் கொடுத்த சமுதாயம் மருந்துறைக்காக வாய் திறவாதிருப்பது ஏன்?

சாக்குகள்

"கிராமத்துக் கடைக்குப் படித்தவனை வைக்கக் கட்டுமா? கடையை மூடினால் சனங்கள் எங்கே போவார்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. இதற்கு விடை பயிலாதவனை நிறுத்துவதன்று, நிற்பவனைப் பயிற்றுவதே. மருந்தாளரின் கண்காணிப்பிலே நம் இளைஞரும் யுவதிகளும் முறையாகப் பயில அரசு மாவட்டந்தோறும் தமிழ்மொழிமூல வகுப்பு நடத்தட்டும். முதலாளிமார் பயிலும் நாளுக்கும் சம்பளம் கொடுக்கட்டும். அதுவரை, பயிலாதவன் எடுத்த மருந்தை மருந்தாளர் ஒருவர் ஒத்துப் பார்க்காமல் மேசையைத் தாண்ட விடலாகாது.

"பத்து வருட அனுபவம் இருக்கிறது" என்பது இன்னொரு சாக்கு. பத்து வருடம் ஒரே பிழையைச் செய்ததும் அனுபவந்தான்! பிழையைச் சுட்டிக்காட்ட ஒருவர் இருந்தால் மட்டுமே அனுபவம் அறிவாகும்.

வாசகர்களே, கடமை உங்களுக்கும் உண்டு. மருந்தை வாங்கியவுடன் நடையைக் கட்டாதீர்கள். இது என்ன மருந்து, எதற்கு, எவ்வளவு, எப்போது, எத்தனை நாளைக்கு என்று ஐந்தையும் கேளுங்கள். விடையைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருபவரை மதியுங்கள். எழுத மறுக்கும் கடையின் படியை மறுபடி மிதிக்காதீர்கள். பயிலும் பிள்ளைகளே, உங்களைக் குளிசை எண்ணுபவர் என்று இகழ்வோருக்கு ஒரே பதில் சொல்லுங்கள்: "ஆம், எண்ணுகிறோம், இருமுறை எண்ணுகிறோம். உங்கள் பிள்ளைக்காகவே எண்ணுகிறோம்."