வாசல் தளத்தையும் எடை போட்டு வாங்குவோம்

ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்க நாலு மண்டியில் விலை கேட்கிறோம். மாதிரியைக் கையில் அள்ளிப் பார்க்கிறோம். எடை சரியா என்று பார்த்த பிறகே பணத்தை எடுக்கிறோம். வீட்டு வாசலில் வண்டி ஏறி நிற்க ஒரு தளம் போட வேண்டும் என்று வந்துவிட்டால், இந்த வியாபாரப் புத்தி எங்கோ போய்விடுகிறது. "மொத்தமாக என்ன ஆகும்?" என்று ஒரு கேள்வி, பாதிப் பணம் முன்பணம். நம்மில் பலர் காண்டிராக்டரிடம் வேலையை ஒப்படைக்கிற முறை இதுதான். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் டயர் படும் இடத்தில் பள்ளமும் நடுவில் வெடிப்பும் வந்து நிற்கின்றன.

சிறு வணிகர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. நம்மில் பலருக்கு முன்னால் கடை, பின்னால் வீடு. சரக்கு இறக்கும் வண்டியும் வீட்டு வண்டியும் ஒரே வாசலில்தான் ஏறுகின்றன. அந்த வாசல் இறங்கினால் தண்ணீர் படிக்கட்டு வரை வரும், அடியில் வைத்த அரிசி மூட்டை நனையும். ஒரே வேலைக்கு இரண்டு முறை செலவு செய்ய மளிகை வியாபாரத்தின் லாபம் தாங்காது.

ஆகவே நமது கருத்து இதுதான்: தளம் போடுவதும் ஒரு கொள்முதல். அளவு, தரம், பில், தவணை ஆகிய நான்கும் எழுத்தில் வராமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது.

முதலில் அளவு. 20 அடி நீளம், 10 அடி அகலம், 5 அங்குல கனத்தில் ஒரு காங்கிரீட் தளம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 83 கன அடி. ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற எம்-20 கலவையில் போட்டால், ஏறக்குறைய 19 மூட்டை சிமெண்ட், 35 கன அடி மணல், 70 கன அடி ஜல்லி ஆகும். 1:2:4 என்று கலவையை இளைக்க வைத்தால் 15 மூட்டையில் வேலை முடிந்துவிடும். மேலே பூசி மெழுகிய பிறகு இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். வேலை முடிந்ததும் காலிச் சாக்குகளை எண்ணுங்கள். சாக்கு எண்ணுவதற்கு நமக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்தது அடித்தளம். இளகிய மண்ணின் மேல் எவ்வளவு நல்ல காங்கிரீட் போட்டாலும் அது உட்காரும். பழைய தளத்தை முழுக்கப் பெயர்த்து எடுப்பார்களா, கிராவல் கொட்டித் தண்ணீர் விட்டு இயந்திரத்தால் இடித்து இறுக்குவார்களா என்பதை முன்பே கேட்டு எழுதி வாங்க வேண்டும். பேவர் பிளாக் பதிப்பதானால் கல்லின் கனத்தைக் கேளுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 15658 எண் தரவிதி, இலகுவான போக்குவரத்துக்கு 60 மி.மீ., நடுத்தரப் போக்குவரத்துக்கு 80 மி.மீ. என்று பிரித்திருக்கிறது. கார் மட்டும் வரும் வீட்டுக்கு முன்னது போதும். மூட்டை ஏற்றிய வண்டி நிற்கும் வாசலுக்குப் பின்னதே ஏற்றது. ஓரத்தில் தடுப்புக் கல் வைக்காவிட்டால் பதித்த கற்கள் விலகி வரிசை கலைந்துவிடும்.

தண்ணீர் எங்கே போகும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் இருந்தால் 20 அடிக்கு 5 அங்குலம் சரிவு கிடைக்கும். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே வாட்டத்தை மழைநீர்க் குழியை நோக்கி வைப்பது நல்லது. சரிவு மேடையைத் தெருவுக்குள் நீட்டி, சாக்கடையை மூடிப் போடச் சொல்லும் வழக்கத்தை நாம் விட வேண்டும். நகராட்சி ஆக்கிரமிப்பை இடிக்க வரும்போது போட்ட பணமும் சேர்ந்து இடிபடும்.

கடைக்காரருக்கு எப்போதும் அவசரம். தளம் போட்ட மூன்றாம் நாளே சரக்கு வண்டியை ஏற்றிவிட்டுக் காண்டிராக்டரைக் குறை சொல்வது நியாயமில்லை. காங்கிரீட்டுக்கான 456 எண் தரவிதி, சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், இப்போது பெரும்பாலும் கிடைக்கும் கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது யார் பொறுப்பு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். காங்கிரீட்டின் பலத்தைக் கணக்கிடுவது 28-ஆம் நாளில். சுமை வண்டியை அதுவரை தெருவிலேயே நிறுத்திச் சரக்கை இறக்கிக்கொள்ளலாம்.

விலையிலும் நிதானம் வேண்டும். மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்குவது சரி. ஆனால் மூவருக்கும் ஒரே அளவையும் ஒரே கலவையையும் எழுதிக் கொடுத்துக் கேட்டால்தான் ஒப்பிட முடியும். கொள்முதல் விலைக்கும் கீழே கேட்கும் வாடிக்கையாளரிடம் நமக்கு என்ன தோன்றும் என்பது நமக்கே தெரியும். கட்டுபடியாகாத விலைக்கு ஒருவர் வேலையை ஒப்புக்கொண்டால், அந்தக் குறைவைச் சிமெண்டில்தான் ஈடுகட்டுவார். நியாயமான விலையைக் கொடுப்போம். கொடுத்த விலைக்குரிய பொருளைக் கறாராகக் கேட்போம்.

பணத்தைத் தவணையாகக் கொடுப்பதே பாதுகாப்பு. பொருள் வந்து இறங்க ஐந்தில் ஒரு பங்கு, அடித்தளம் இறுகிய பிறகு ஒரு பகுதி, தளம் போட்ட பிறகு ஒரு பகுதி என்று கொடுத்து, பத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்தி வைக்கலாம். இதற்கு ஒப்புக்கொள்பவர் தம் வேலையை நம்புகிறவர். அந்தந்தத் தவணையை அன்றன்றே கொடுத்துவிடுவது நமது கடமை. சித்தாள் கூலி அவருக்கும் நிற்காது.

"பில் வேண்டாம் என்றால் வரி மிச்சம்" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். வீட்டு வேலையில் குறை இருந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. கடைக்காகச் செய்த வேலை என்றால், இது வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு. எங்கே போனாலும் முதலில் கேட்பது பில்லையும் ஒப்பந்தத்தையும்தான்.

சங்கங்கள் இதில் ஒரு உதவி செய்யலாம். ஒவ்வொரு ஊர்ச் சங்கத்திலும் ஒரு பதிவேடு வைத்து, உறுப்பினர்கள் யாரிடம் வேலை கொடுத்தார்கள், சதுர அடிக்கு என்ன ஆயிற்று, ஒரு மழைக்குப் பின் தளம் எப்படி இருக்கிறது என்று எழுதி வைத்தால் அடுத்தவருக்குப் பயன்படும். நல்ல காண்டிராக்டருக்கும் அதுவே விளம்பரம். தராசுக்கு முத்திரை வைத்து வாணிபம் செய்கிற நாம், காலடியில் போடும் தளத்தையும் அதே கணக்கோடு வாங்குவோம்.